அரை மணி பிந்திய கம்ப்யூட்டர்

இத்ரூஸுக்குக் கம்ப்யூட்டர் என்றால் கை தானாக ஓடும். வாய்தான் கெட்டது. எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாறேன், இன்ஷா அல்லாஹ்" என்பான். அந்த நாளை வந்து சேர்வதற்குள் கேட்டவருக்கே என்ன கேட்டோம் என்று மறந்துபோகும். மாத்தளை டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் அவனுடைய கடை. கீழேயிருந்து செத்தல் மிளகாய் நெடி ஏறி ஏறி, ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டரெல்லாம் தும்மாத குறை. கண்ணாடி அலுமாரி நிறையச் சீடி. அதில் ஒன்றுகூட நேர்வழியில் வந்ததில்லை. விண்டோஸா, நூறு ரூபாய், எடுத்துக்கொண்டு போ! அந்தக் காலத்தில் ஊர் முழுக்க அப்படித்தான் ஓடியது, இவனை மட்டும் பிடித்து வைவதில் நியாயமில்லை. இவனை வைவதற்கு வேறு காரணம் இருக்கிறது.

2005 கடைசியில், மழை விடாமல் அடித்த ஒரு சனிக்கிழமை, அந்தக் கடைக்கு ஆறுமுகநாதன் ஏறி வந்தார். தம்புள்ளைப் பக்கம் விவசாயப் போதனாசிரியர். பிறந்தது யாழ்ப்பாணம். இந்தப் பக்கம் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகி, பேச்சுக்கூட மாத்தளைப் பேச்சாகிவிட்டது. பலாபத்வலையில் ரோட்டோரம் வீடு. மனைவி மீனாம்பிகை டவுனில் டீச்சர். எல்லாரும் அவரை நாதன் சேர் என்பார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது, திரும்பப் போட்டுத் தர வேண்டும் என்றார். இத்ரூஸ் அலுமாரியைத் திறந்து ஒரு சீடியை நீட்டினான்.

"இதுக்கு லைசன்ஸ் இருக்கா தம்பி?"

இத்ரூஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதென்ன சேர், லொறியா, லைசன்ஸ் கேக்க?"

"அப்ப களவு சாமான். எனக்கு வேணாம்."

மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலை செய்கிற கந்தோரின் ஜீப்பில் சொந்தப் பெண்சாதியைக்கூட ஏற்றாத ஆள் அவர். இத்ரூஸ் தலையைச் சொறிந்தான். பிறகு மேசையில் பிளேன்டிக் கோப்பைக்கு அடியில் கிடந்த ஒரு மெல்லிய உறையை இழுத்துத் துடைத்தான். லினக்ஸ். வெளிநாட்டில் யாரோ, கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பினார்கள். சும்மா வருகிறதே என்று இவனும் எழுதிப்போட்டுப் பத்து வாங்கி வைத்திருந்தான். ஒன்றும் விற்கவில்லை. சும்மா கொடுப்பதை எப்படி விற்பது!

நாதன் சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையில் இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தார். யாரும் பாவிக்கலாம், பிரதி எடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"இப்படியும் உலகத்துல ஆளுங்க இருக்காங்களா தம்பி! இதுல தமிழ் வருமா?"

"மெனுவெல்லாமே தமிழ்ல வரும் சேர்."

தமிழ் அவருக்கு அவசியம். பெரிய வெங்காயச் செய்கையைப் பற்றி அவர் ஒரு கைநூல் எழுதிக்கொண்டிருந்தார். கந்தோரில் இருந்த கைநூல்களெல்லாம் சிங்களம். தமிழ் வாசிக்கிற கமக்காரன் பூச்சி மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமாவது போய் நிற்க வேண்டியிருந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு இத்ரூஸ் பலாபத்வலைக்குப் போனான். டீச்சர் சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்தாள். தின்றுகொண்டே வேலையைத் தொடங்கினான். முதலில் என்ன மொழி என்று கேட்டது. தமிழ் என்றான். எந்த நாடு என்று கேட்டது. தமிழுக்குப் பக்கத்தில் இந்தியா மட்டும்தான் நின்றது. இலங்கை வேண்டுமென்றால் வேறொரு பட்டியலுக்குள் போய்த் தேட வேண்டும். சம்பல் கையோடு யார் தேடுவது? இந்தியா என்று தட்டிவிட்டான். நாட்டைக் கேட்ட கையோடு அந்த நாட்டு நேரத்தையும் அது எடுத்துக்கொண்டது. முடிந்தது கதை.

பின்னேரமே நாதன் சேர் அவனுக்கு ஃபோன் எடுத்தார். "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. மணிக்கூடு மட்டும் அரை மணி பிந்திக் காட்டுது."

"அது சின்ன வேல சேர். நாளைக்கு வாறேன்."

இரண்டு நிமிஷ வேலை! பலாபத்வலை என்ன, லக்கலக் காட்டுக்குள்ளா இருக்கிறது? யாழ்ப்பாண ரோட்டில் பஸ் ஏறினால் கால் மணித்தியாலம். மூன்று தடவை கேட்டார் அந்த மனுஷன். மூன்று தடவையும் இவன் நாளைக்கு என்றான். தானே கை வைத்தால் ஏதாவது உடைந்துபோகுமோ என்று அவருக்குப் பயம். கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் "+30" என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டார். பார்க்கிறபோதெல்லாம் அரை மணியைக் கூட்டிக்கொள்வாராம். போதனாசிரியர் புத்தி.

வேறு நாடாயிருந்தால் அரை மணி பிந்தினால் யாருக்கு என்ன? இந்த நாட்டில் அப்படியில்லை. தொண்ணூற்றாறில் கரண்ட் மிச்சம் பிடிக்கிறோம் என்று அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளிவிட்டது. வன்னியைக் கையில் வைத்திருந்த புலிகள் அதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்துகொண்டார்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டை அரை மணி பின்னே திருப்ப வேண்டும். அந்த ரோட்டில் ஓடுகிற லொறிக்காரர் எல்லாருக்கும் இது தெரியும். இந்திய நேரமும் அதே நேரம்தான். ஆனால் 2006 ஜனவரியில், வடக்கில் நாளுக்கொரு வெடி வெடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு யாழ்ப்பாணத் தமிழன் வீட்டில் அரை மணி பிந்தின மணிக்கூட்டைக் கண்டால் எவன் இந்தியாவை நினைப்பான்?

ஒரு புதன்கிழமை, பத்து மணியிருக்கும், மீனாம்பிகை டீச்சர் கடைப் படியேறி வந்தாள். சேலை ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது. இத்ரூஸ் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"காலையில சுத்திவளைப்பு தம்பி. வீடு வீடா வந்தாங்க. ஐடென்டி காட்டினோம், பொலிஸ் பதிவக் காட்டினோம், எல்லாம் சரின்னுட்டாங்க. போற நேரத்துல ஒரு சின்ன வயசு இன்ஸ்பெக்டர், கம்ப்யூட்டரப் போடுங்கன்னாரு. போட்டாரு இவரு."

மண் நிறத் திரை. வழக்கமான பொத்தான்கள் ஒன்றுமில்லை, எல்லாம் தமிழ் எழுத்து. அந்த இன்ஸ்பெக்டர் முகம் அங்கேயே மாறிவிட்டதாம். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம், திரையைப் பார்த்தாராம், ஓரத்தில் ஒட்டியிருந்த "+30" ஐப் பார்த்தாராம். "மேக கொட்டி வெலாவ நே?" என்றாராம். இது புலி நேரம்தானே? கம்ப்யூட்டரையும் ஏற்றி, நாதன் சேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"யார் போட்டதுன்னு கேட்டாங்க. நானேதான் போட்டேன்னு சொல்லிட்டாரு. எனக்கும் கண்ணக் காட்டினாரு, சொல்லாதேன்னு. சின்னப் பிள்ளைங்க இருக்கிற ஆளாம் நீங்க." டீச்சரின் குரல் இறங்கிப்போயிற்று. "நான் உங்க பேரச் சொல்ல மாட்டேன் தம்பி. அது அவரோட வார்த்தை. ஆனா நீங்களாப் போய்ச் சொன்னா அது வேற. நான்தான் போட்டேன், தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரே ஒரு சொல்லு."

"இன்டைக்கே போறேன் டீச்சர்," என்றான் இத்ரூஸ். மனசாரத்தான் சொன்னான். அதில் சந்தேகமில்லை.

ஆனால் கால் பொலிஸுக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போயிற்று. பெண்சாதி றம்லாவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தானாம். றம்லா கேட்டுவிட்டு அடுப்பை நிறுத்தினாள்.

"உங்களுக்கு விசரா? நீங்க போய் நான்தான் போட்டேன் என்டா, உங்களத் தட்டிக்குடுத்து அனுப்புவானா? கடைய வந்து பார்ப்பான். அலுமாரி நெறயக் களவு சீடி ஈக்கி. ரெண்டு புள்ளைகள வெச்சிக்கிட்டு நான் எங்க போற?"

"அந்த மனுஷன் எனக்காகப் பேரச் சொல்லாம ஈக்கிறாரு றம்லா."

"அல்லாஹ் அவருக்கு உதவி செய்வான். நீங்க பேசாம ஈங்க."

சோறு இறங்கவில்லை. இருந்தாலும் தின்றான். லுஹர் தொழுதான், கடைக்கு வந்தான், ஒரு கீபோர்டைக் கழற்றினான், திரும்பப் பூட்டினான். கொஞ்சம் பொறுத்துப் போகலாம், அவர்கள் ஆறட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாளைக்கு என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பொலிஸ் ஜீப் கீழே வந்து நின்றது. இத்ரூஸ் எட்டிப் பார்த்தான். நாதன் சேர் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தான். அந்த நினைப்பு வந்ததற்கே அவன் பிறகு வெட்கப்பட்டான். ஏறி வந்த சார்ஜன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "கம்ப்யூட்டரும் தமிழும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். உன்னத்தான் காட்டினாங்க. வா, ஒரு மெஷினப் பார்த்துச் சொல்லிட்டு வரலாம்," என்றான் சிங்களத்தில்.

பொலிஸில் பொறுப்பாயிருந்த பெரியவரின் அறைக்குள் மேசைமேல் அதே கம்ப்யூட்டர். சுவரோரம் மர வாங்கில் நாதன் சேர் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பில்லை. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் வெடித்திருந்தது. இத்ரூஸைக் கண்டதும் ஊர் பேர் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திற," என்றார் பெரியவர். இத்ரூஸ் திறந்தான். கோப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னான். நாற்றுமேடை. உரம். நோய். அறுவடை.

"வெங்காயமா?"

"பெரிய வெங்காயம் சேர். வேற ஒன்டும் இல்ல."

பெரியவர் கதிரையில் சாய்ந்தார். கெட்ட மனுஷனில்லை அவர், களைத்த மனுஷன். "சரி. இந்த நேரம் எப்படி? என் வீட்டு கம்ப்யூட்டர்ல பற்றரி செத்து, நேரம் பிழைச்சுப் போச்சு. அப்படி ஏதாவதா?"

அடப்பாவி, கதவைத் திறந்தே வைத்துவிட்டார் அந்த ஆள்! ஓம் சேர், பற்றரிதான் என்று ஒரு சொல். பொய்தான். ஆனால் யாரையும் கொல்லாத பொய். அல்லது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் நாதன் சேர் அன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். ஆனால் இத்ரூஸின் மண்டைக்குள் ஓடியது வேறு. நாளைக்குக் கண்டியிலிருந்து இன்னொருத்தனைக் கூட்டிவந்து காட்டினால்? பற்றரி நல்லாயிருக்கு, இவன் பொய் சொல்லியிருக்கிறான் என்று அவன் சொன்னால்? பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லவே வெட்கமாயிருக்கிறது, வேலை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்கிற புத்தி.

"இல்ல சேர். பற்றரி செத்தா வருஷமே பிழையாக் காட்டும். சரியா அரை மணி பிந்தாது. இது ஆள் பார்த்துத் தெரிவு செஞ்சாத்தான் வரும்."

"தானா மாறாதா?"

"மாறாது சேர்."

"யார் தெரிவு செஞ்சிருப்பாங்க?"

நான் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. நின்றது என்றுதான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவான். வெளியே வந்தது வேறு. "பாவிக்கிறவங்கதான் சேர்."

"இந்த ஆளத் தெரியுமா?"

"டவுன்ல கண்டிருக்கேன்."

சார்ஜன் எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதி வாசித்துக் காட்டினான். ஒரு சொல்கூடப் பிழையில்லை, அதுதான் கொடுமை. இத்ரூஸ் கையெழுத்துப் போட்டான். ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டார்கள். கீழ்க் கடை முதலாளி, "பொலிஸுக்கே வேல செய்ற பெரிய ஆளாயிட்டீங்க," என்று பகிடி பண்ணினார். றம்லா அன்றைக்குக் கோழி ஆக்கினாள்.

நாலாம் நாள் தடுப்புக் கட்டளை போட்டு நாதன் சேரைத் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு இத்ரூஸ் கடையைப் பாதியில் பூட்டினான். டீச்சர் இரண்டு தடவை வந்தாள். முதல் தடவை அவன் கடைக்குப் பின்னால், சாமான் பெட்டிகளுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். முப்பத்தாறு வயது ஆம்பளை! இரண்டாம் தடவை ஆள் இல்லையென்று கீழ்க் கடையில் சொல்லவைத்தான். பிறகு அவள் வரவில்லை. தம்புள்ளை பஸ்ஸில் அவளைக் கண்டதாக யாரோ சொன்னார்கள், அவருடைய கந்தோருக்குக் கடிதம் கேட்டு அலைகிறாளாம். இத்ரூஸுக்குத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தான். ஒருநாள் மிச்சமிருந்த ஒன்பது இலவசச் சீடியையும் அள்ளிக் குப்பையில் போட்டான், அவை என்ன பாவம் செய்தன!

இப்படி மூன்று மாதம் போயிற்று. சித்திரைப் புத்தாண்டு வந்தது. புத்தாண்டோடு அரசாங்கம் ஒரு அறிவித்தல் விட்டது. நாட்டு மணிக்கூடு அரை மணி பின்னே போகிறது, இனிப் பழைய நேரம்தான் நேரம். ரேடியோவில் கேட்ட இத்ரூஸ் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தக் கிழமை அவன் கடையில் கால் வைக்க இடமில்லை. எல்லாருடைய கம்ப்யூட்டருக்கும் நேரம் மாற்ற வேண்டும். விண்டோஸில் இலங்கை என்று போட்டிருந்த இடத்தில் இன்னும் அரை மணி முன்னே தள்ளின நேரம்தான் இருந்தது. ஒரே வழி, இந்தியா என்று இருக்கிற வரியைத் தெரிவு செய்வது. ஒவ்வொரு கம்ப்யூட்டராக, கந்தோர், பள்ளிக்கூடம், பாமசி, இத்ரூஸ் இந்தியா இந்தியா என்று தட்டிக்கொண்டே போனான். வியாழக்கிழமை அதே சார்ஜன் வந்தான். பொலிஸ் கம்ப்யூட்டருக்கும் நேரம் போட வேண்டுமாம்.

போட்டான். அதே அறை, அதே மேசை, அதே வரி. போட்டு முடித்துவிட்டு எழும்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"சேர். ஜனவரியில ஒரு ஆள் இருந்தாரே. வெங்காயம் எழுதின ஆள். அந்த நேரத்தப் போட்டது நான்தான் சேர். அவர் இல்ல. இப்ப போட்டேனே, இதே மாதிரித்தான்."

வந்துவிட்டான் வீரன்! நாடே அந்த நேரத்துக்கு வந்தபிறகு, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆனபிறகு. பெரியவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், இத்ரூஸைப் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது.

"இப்ப அந்த நேரத்துல பிழை என்ன? எல்லாருக்கும் அதுதானே நேரம்."

"அவர விடச் சொல்லுங்க சேர்."

"ஃபைல் கொழும்புக்குப் போய்ட்டது. அதுல உன் கையெழுத்து இருக்கு." சிரிப்பு நின்றிருந்தது. "அன்டைக்கு நான் உன்கிட்ட இரண்டு தடவ கேட்டேன். இப்ப போ. போட்ட நேரத்துக்கு எவ்வளவு?"

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். ரோட்டில் புத்தாண்டுப் பட்டாசு இன்னும் அங்கங்கே வெடித்துக்கொண்டிருந்தது.

மே மாதம் முதல் கிழமை மீனாம்பிகை டீச்சர் மறுபடி படியேறி வந்தாள். இந்தத் தடவை அவன் ஒளியவில்லை. அவள் இளைத்திருந்தாள். கதிரையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து மடித்த ஒரு ஃபோட்டோ கொப்பியை எடுத்து மேசையில் விரித்தாள். சிங்களத்தில் ஒரு பக்கம். கீழே அவன் கையெழுத்து.

"லோயர் எடுத்துக் கொடுத்தாரு. அவருக்கு எதிரா இருக்கிற ஒரே கடதாசி இதுதானாம். இது உங்க கையெழுத்துதானே தம்பி?"

"ஓம் டீச்சர்."

அவள் ஏசுவாள் என்று நினைத்தான். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தான். அவள் ஏசவில்லை.

"நீங்க ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்துப் போடணும். நேரத்தப் போட்டது நீங்கன்னும், தெரிஞ்சுகொண்டே பொலிஸுக்குப் பொய் சொன்னீங்கன்னும். அதுக்கு உங்களப் பிடிக்கலாம்னு லோயர் சொன்னாரு. மறைக்காம சொல்லச் சொன்னாரு. அதான் சொல்றேன்."

இத்ரூஸ் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தான். றம்லாவை நினைத்தான், பிள்ளைகளை நினைத்தான். வாய் பழக்கத்தில் ஒரு சொல்லைத் தேடிப் போயிற்று. அதை விழுங்கிக்கொண்டான்.

"எழுதுவோம் டீச்சர். இப்பவே எழுதுவோம்."

மேசை லாச்சியைத் திறந்து கடதாசி எடுத்தான். மேசையில் இடம் ஒதுக்கினான். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இத்தனை மாதமும் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்ததைப்போல மெல்லக் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடறப்போ அவரு அங்கேயா இருந்தாரு?"

"இருந்தாரு டீச்சர். பக்கத்துலதான்."

"ஒண்ணும் சொல்லலையா உங்கள?"

இத்ரூஸ் கடதாசியை ஒரு பக்கம் வைத்தான். இதை அவன் றம்லாவிடம் சொல்லவில்லை. பொலிஸ் பெரியவரிடமும் சொல்லவில்லை.

"சார்ஜன்ட பேனா கடைசியில எழுதாம நின்டுபோச்சு. நான் கையெழுத்துப் போட ஏலாம முழிச்சிக்கிட்டு நின்டேன். நாதன் சேர் எழும்பி வந்து, சேட் பொக்கெட்ல ஈந்த அவர்ட பேனாவத் தந்தாரு. மூடியக் கழட்டித் தந்தாரு டீச்சர்."

கீழே யாரோ மிளகாய்ச் சாக்கை இழுக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுது முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கடதாசியை அவன் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"அதையும் எழுதுங்க தம்பி," என்றாள்.